தகவல் பாதுகாப்பு உத்தியும் அளவீடுகளும்: தயாரிப்பது முதல் இயக்குநர் குழு முன் வைப்பது வரை

புதிதாகப் பொறுப்பேற்ற பாதுகாப்புத் தலைவர்கள் பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் இயக்குநர் குழுக் கூட்டம் என்றதும் முதலில் ஸ்லைடைத் திறக்கிறார்கள். டூல்கள் தரும் எண்களை அதில் ஒட்டுகிறார்கள். அப்புறம் அந்த எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு உத்தி எழுதுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். கடைசி ஸ்லைடு முடிந்ததும் ஒருவர், "சரி, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். தொழில், இடர், இன்றைய நிலை, உத்தி, அளவீடு எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்லைடு.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

முதல் முறை என்றால், ஏழாம் படியில் வரும் வெள்ளோட்டக் காலாண்டு நீங்கலாக, ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி ஆட்களிடம் பேசுவதிலும் பட்டியல்களைச் சரிபார்ப்பதிலும் போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை:

- சர்வர்கள், லேப்டாப்கள், கிளவுட் கணக்குகள், செயலிகள் அடங்கிய சொத்துப் பட்டியல். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.
- கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த பாதுகாப்புச் சம்பவங்கள். "பெரிதாக ஒன்றுமில்லை" என்று மூடப்பட்டவையும் வேண்டும்.
- ஆடிட் அறிக்கைகளில் இன்னும் தீராமல் கிடக்கும் குறைகள்.
- சட்டமும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும் விதிக்கும் கெடுக்கள். உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும் நிறுவனம், தனிநபர் தரவுக் கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.
- பாதுகாப்புக்கு இப்போது ஆகும் மொத்தச் செலவு. மற்ற பிரிவுகளின் பட்ஜெட்டில் ஒளிந்திருப்பதையும் சேர்த்து.
- அடுத்த ஆண்டுக்கான தொழில் திட்டம்.

கடைசியாகச் சொன்னதை அனேகமாக யாரும் கேட்டு வாங்குவதில்லை. நிறுவனம் ஒரு செயலியையே கைவிடப்போகிறது என்று தெரியாமல், அதைப் பாதுகாக்க மூன்று ஆண்டுத் திட்டம் போட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு மேல்மட்டத்தில் உங்களுக்கு ஆதரவாக ஒருவர் வேண்டும். நிதித் தலைவராகவோ செயல்பாட்டுத் தலைவராகவோ இருந்தால் நல்லது. ஐடி தலைவர் மட்டும் என்றால், கூட்டத்தில் இது 'ஐடி பிரச்சினை' ஆகிவிடும்.

2. தொழில் எதை நம்பி ஓடுகிறது என்று கேளுங்கள்

ஒவ்வொரு பிரிவுத் தலைவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். "உங்கள் பாதுகாப்பு இடர்கள் என்ன?" என்று கேட்காதீர்கள். அவர் செய்தியில் படித்ததைத்தான் சொல்வார்.

கேட்க வேண்டியவை மூன்று. எந்த அமைப்பு நின்றால் உங்கள் வேலை நிற்கும்? எத்தனை மணி நேரம் வரை சமாளிப்பீர்கள்? எந்தத் தகவல் வெளியே போனால் வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போவார்?

பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கை மட்டும் அழுத்திக் கேளுங்கள். "உடனே வேண்டும்" என்பது பதில் அல்ல. நாலு மணி நேரமா, இரண்டு நாளா? மாத இறுதியில் வேறு பதில் வந்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் பேக்கப் அளவீட்டுக்கு இந்த எண்தான் அடிப்படை.

3. இடரை வாக்கியமாக எழுதுங்கள்

'ரான்சம்வேர்' (தகவல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) என்ற ஒற்றைச் சொல்லை இடர்ப் பட்டியலில் போட்டால் யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. யார், எந்த வழியாக, எதைத் தொட்டு, என்ன இழப்பு என்று வாக்கியம் முழுமையாக வரவேண்டும். "வெளி வெண்டரின் தொலைநிலை லாகின் திருடப்பட்டு, ஆர்டர் அமைப்பும் அதன் பேக்கப்பும் ஒன்றாகப் பூட்டப்பட்டால், ஐந்து முதல் பன்னிரண்டு நாள் விற்பனை நிற்கும்." இப்படி எட்டு முதல் பத்து வாக்கியம் போதும்.

அடுத்தது அளவிடுவது. பெரும்பாலானவர்கள் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 மதிப்பெண் போட்டுப் பெருக்கி வண்ணக் கட்டம் வரைகிறார்கள். அடிக்கடி வரும் சில்லறைத் தொல்லைக்கு 5×1. எப்போதாவது வந்து நிறுவனத்தையே சாய்க்கும் நிகழ்வுக்கு 1×5. இரண்டுக்கும் விடை 5 தான். இந்த இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டும் படத்தை வைத்து யார் பணம் ஒதுக்குவார்கள்?

அதற்குப் பதில் வரம்பாகச் சொல்லுங்கள். ஒரு நிகழ்வு நடந்தால் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு இழப்பு; பத்து ஆண்டில் ஒரு முறையோ இரண்டு முறையோ நடக்கலாம். இரண்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பின் வரம்பு கிடைக்கும். துல்லியம் இல்லையே என்று தயங்க வேண்டாம். நிதித் துறையினர் தினமும் வரம்போடுதான் வாழ்கிறார்கள். ஆனால் அரிதான பெரிய இழப்பை இந்த ஆண்டுச் சராசரி சின்னதாகக் காட்டிவிடும். "நடந்தால் எவ்வளவு" என்ற எண்ணையும் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். அவர் தொழில் பிரிவுத் தலைவர், நீங்கள் அல்ல. எல்லா இடரும் உங்கள் பெயரில் இருந்தால், அதைத் தாங்குவதா குறைப்பதா என்று முடிவெடுக்க வேறு யாருக்கும் அவசியம் வராது.

4. இன்று நிற்கும் இடத்தை ஒரே அளவுகோலால் அளங்கள்

பாதுகாப்புக் கட்டமைப்பு ஒன்றை, அதாவது என்னென்ன இருக்க வேண்டும் என்ற பொதுப் பட்டியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வாடிக்கையாளர்கள் சான்றிதழ் கேட்டால் ஐஎஸ்ஓ 27001 என்ற சர்வதேசத் தரநிலை. அதன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் (பாதுகாப்பு ஏற்பாடுகள்) இருக்கின்றன. மேல்மட்டத்தோடு பேச ஒரு சட்டகம் வேண்டுமென்றால் அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டியின் சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பு. 2024இல் வந்த 2.0 பதிப்பு, ஏற்கெனவே இருந்த அடையாளம் காணல், பாதுகாத்தல், கண்டறிதல், எதிர்வினை, மீட்டல் ஆகியவற்றோடு நிர்வகித்தல் என்ற ஆறாவது பிரிவையும் சேர்த்தது. குழு சிறியது, எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால், சிஐஎஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கட்டுப்பாடுகள் வசதி. 18 கட்டுப்பாடுகளின் கீழ் 153 நடவடிக்கைகள் இருந்தாலும், முதல் நிலைக்கு 56 தான்.

மதிப்பெண் போடும்போது ஆதாரம் கேளுங்கள். "கொள்கை ஆவணம் இருக்கிறது" என்பது ஒரு நிலை. "கடந்த மூன்று மாதம் அது நடந்ததற்குப் பதிவு இருக்கிறது" என்பது வேறு நிலை.

மதிப்பெண்களைச் சராசரியாக்கவே கூடாது. ஐந்துக்கு 3.1 என்று காட்டினால் எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். மீட்டலில் 1 வாங்கியிருப்பது அதற்குள் புதைந்து போகும்.

5. உத்தி: ஒரு பக்கம், மூன்று நான்கு திசைகள்

மேலே உள்ள எட்டுப் பத்து இடர்களையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்கே இடைவெளி பெரிதென்று தெரியும். அதிலிருந்து மூன்று அல்லது நான்கு திசைகள் மட்டும் எடுங்கள்.

ஒவ்வொரு திசைக்கும் இன்று எங்கே, எங்கே போகிறோம், எப்போதைக்குள், எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, எந்த இடர் குறையும் என்பதை எழுதுங்கள். "புதிய கண்காணிப்பு டூல் வாங்குவது" திசை ஆகாது, அது கொள்முதல். "அட்மின் லாகின் திருடுபோனால் ஒரு நாளுக்குள் கண்டுபிடித்து அடைப்பது" திசை.

அப்புறம், செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எழுதக் கை வராது. ஆனால் அந்தப் பத்தி இல்லாவிட்டால், ஆண்டு நடுவில் வரும் ஒவ்வொரு யோசனையும் உங்கள் தலையில் ஏறும்.

6. அளவீடுகள்

இனிதான் அதிக நேரம் எடுக்கும் பகுதி. அவசரப்பட்டால் பிறகு ஆண்டு முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் விதி: எண் மாறினால் யார் என்ன வித்தியாசமாகச் செய்வார் என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் தூக்கிவிடுங்கள். "இந்தக் காலாண்டில் ஃபயர்வால் பல லட்சம் தாக்குதல்களைத் தடுத்தது" என்ற வரி இங்கேயே அடிபடும். அடுத்த காலாண்டில் அது இரட்டிப்பானாலும் பாதியானாலும் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை.

இரண்டாவது விதி: ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஓர் அட்டை. அது பதில் சொல்லும் கேள்வி, மேல் எண் (எத்தனை), கீழ் எண் (மொத்தம் எத்தனையில்), தரவு வரும் இடம், எடுக்கும் நாள், பொறுப்பாளர், இலக்கு, எல்லை, எல்லையைத் தாண்டினால் செய்வது என எல்லாம் அதில் இருக்கட்டும். அட்டை இல்லாத எண், ஆள் மாறியதும் வேறு எண்ணாகிவிடும்.

கீழ் எண்ணைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். "95 சதவீத கணினிகளில் பாதுகாப்பு மென்பொருள் ஓடுகிறது" என்றால், எத்தனையில் 95? அந்த மென்பொருளின் டாஷ்போர்டே சொன்ன எண்ணிக்கை என்றால், மென்பொருள் நிறுவப்படாத கணினி அதில் வரவே வராது. கீழ் எண் வேறு இடத்திலிருந்து வரவேண்டும்: கொள்முதல் பதிவு, நெட்வொர்க் ஸ்கேன், கிளவுட் பில். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டதும் உங்கள் 95 பெரும்பாலும் இறங்கும். இறங்கட்டும். கூட்டத்துக்கு முன் இறங்குவது நல்லது.

மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இணையச் செயலிகள் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லி உள்ளுக்குள் அறிவிப்பும் போனது. ஸ்கேனும் நடந்தது; ஆனால் பாதிக்கப்பட்ட அமைப்பு அதில் சிக்கவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைக் கவனிக்க வேண்டிய கருவியோ, காலாவதியான டிஜிட்டல் சான்றிதழால், மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த தகவலைப் பார்க்க முடியாமல் பல மாதம் கிடந்தது. சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் ஜூலை இறுதியில் ஊடுருவல் கண்ணில் பட்டது. ஏறத்தாழ 14.7 கோடி பேரின் தகவல்கள் போயின. 'கருவி நிறுவப்பட்டுள்ளது', 'ஸ்கேன் முடிந்தது' என்று மட்டும் எண்ணியிருந்தால் அறிக்கை பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

பேட்ச், அதாவது ஓட்டைக்கான திருத்தம் போட ஆகும் நேரத்தை அளக்கும்போது மூடாதவற்றை மறக்காதீர்கள். 'ஓட்டையை மூடச் சராசரியாக ஆகும் நாட்கள்' என்ற எண், பெரும்பாலும் மூடிய டிக்கெட்டுகளை (வேலைப் பதிவுகளை) வைத்தே கணக்காகிறது. ஓர் ஆண்டாகத் திறந்து கிடப்பவை கணக்கிலேயே இல்லை. போதாக்குறைக்கு, பழைய டிக்கெட் ஒன்றை மூடினால் அந்த மாதச் சராசரி மோசமாகும். நல்ல வேலை செய்தவருக்குத் தண்டனை! அதனால் 'கெடு தாண்டித் திறந்திருப்பவை எத்தனை, எவ்வளவு வயது' என்று அளங்கள். நாட்களைச் சொல்ல வேண்டி வந்தால் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), 90 சதவீதம் எத்தனை நாளில் முடிந்தன என்பதையும் கொடுங்கள்.

வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவியபோது, அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்குத் திருத்தம் வந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தம் போட்ட கணினிகள் எத்தனை என்பது அன்று யாரையும் காப்பாற்றவில்லை. விட்டுப்போன கணினிகள்தான் மாட்டின.

எந்த ஓட்டையை முதலில் மூடுவது என்பதற்கு ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் மட்டும் போதாது. அது தீவிரத்தைச் சொல்லும். உங்கள் நிறுவனத்துக்கு உள்ள இடரைச் சொல்லாது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதல்களில் உண்மையாகவே பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியலை 2021 நவம்பர் முதல் வெளியிடுகிறது. அடுத்த 30 நாளில் ஓர் ஓட்டை பயன்படுத்தப்படும் வாய்ப்பைக் கணிக்கும் இபிஎஸ்எஸ் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. இணையத்தை நேரடியாகப் பார்க்கும் சர்வரில் சிசா பட்டியலில் உள்ள ஓட்டை என்றால், அதை ஒரு தனி அளவீடாகவே வைக்கலாம்.

பேக்கப்பை மீட்டுப் பார்த்து அளங்கள். 'பேக்கப் வெற்றி விகிதம்' என்பது ஒரு கோப்பு எழுதப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். முக்கிய அமைப்புகளில் கடந்த 12 மாதத்தில் முழுவதும் மீட்டுப் பார்த்தவை எத்தனை? அவற்றில், பிரிவுத் தலைவர் இரண்டாம் படியில் சொன்ன நேரத்துக்குள் எழுந்தவை எத்தனை? என் அனுபவத்தில் இயக்குநர்கள் நிமிர்ந்து உட்காரும் அளவீடு இதுதான்.

ஃபிஷிங் சோதனையில், அதாவது ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பிப் பார்ப்பதில், கிளிக் விகிதத்தை நம்பாதீர்கள். எளிதான மெயில் அனுப்பினால் குறையும், கடினமானதை அனுப்பினால் கூடும். புகார் செய்தவர் விகிதமும், முதல் புகார் வர ஆன நிமிடங்களும் பயனுள்ளவை. ஒருவர் சீக்கிரம் சொன்னால் மற்ற எல்லா இன்பாக்ஸிலிருந்தும் அந்த மெயிலை எடுத்துவிடலாம்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் பல்காரணி உறுதிப்படுத்தல், அதாவது எம்எஃப்ஏ விஷயத்தில் விடுபட்ட சில சதவீதத்தைப் பெயர் பெயராகப் பாருங்கள். பெரும்பாலும் அது பழைய அட்மின் கணக்குகளும், பலர் பகிரும் லாகின்களும், வெண்டர்களுமாக இருக்கும். தாக்குபவருக்கு வேண்டியதும் அவைதான்.

சம்பவங்கள் ஆண்டுக்கு நாலைந்துதான் என்றால் 'கண்டுபிடிக்க ஆகும் சராசரி நேரம்' என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். கண்காணிப்பு மேம்பட்டால் சம்பவ எண்ணிக்கை ஏறும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தனை அளவீடு வைப்பது? இயக்குநர் குழுவுக்கு ஆறு முதல் எட்டு. நிர்வாகத்துக்கு அதைப் போல் இரு மடங்கு. உங்கள் குழுவுக்கு, வேண்டிய அளவு.

7. ஒரு காலாண்டு வெள்ளோட்டம்

இலக்கு வைக்கும் முன் ஒரு காலாண்டு எண்களைச் சும்மா எடுத்துப் பாருங்கள். இன்றைய அளவு தெரியாமல் வைத்த இலக்கு முதல் மாதமே நிறைவேறிவிடும், அல்லது எப்போதும் நிறைவேறாது.

ஒவ்வொரு அளவீட்டிலும் இருபது பதிவைக் கையால் சரிபாருங்கள். 'மூடப்பட்டது' என்ற டிக்கெட்டின் சர்வரில் திருத்தம் உண்மையிலேயே இருக்கிறதா? ஓட்டையின் தீவிரத்தைக் குறைத்துக் குறித்து, கெடுவை நீட்டிக்கொண்டவர்களும் இங்கேதான் அகப்படுவார்கள். கோபப்பட வேண்டாம், எண்ணை இலக்காக்கினால் ஆட்கள் எண்ணைத் திருத்தத்தான் செய்வார்கள். தீவிரத்தை மாற்றிய எண்ணிக்கையையும் சேர்த்து எடுத்தால் போதும்.

8. முன் வைத்தல்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் நிதித் தலைவரிடம் எண்களைக் காட்டுங்கள். இழப்பு வரம்பை அவர் கேள்வி கேட்பது உங்கள் அறையில் நடக்கட்டும், கூட்டத்தில் வேண்டாம். மோசமான எண் எந்தப் பிரிவுடையதோ, அதன் தலைவரிடமும் முன்பே சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஒருவரைச் சபையில் சங்கடப்படுத்தினால் அடுத்த காலாண்டு தரவு வராது.

முதல் ஸ்லைடிலேயே வேண்டுகோளைச் சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் தந்திருப்பார்கள், முந்தைய தலைப்பு நீண்டு உங்களுக்கு ஏழு நிமிடம் மிஞ்சும். வேண்டுகோள் கடைசி ஸ்லைடில் இருந்தால் அன்றைய வேலை வீண்.

மற்றவை: முக்கிய இடர்களும் போன முறையிலிருந்து நகர்ந்தவையும், நான்கு காலாண்டுப் போக்கோடு அளவீடுகளும், பணத்துக்கான தேர்வுகளும். மொத்தம் ஐந்து ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். மீதியெல்லாம் பின்னிணைப்பு.

வாக்கியங்களில் தொழில் தெரிய வேண்டும். கற்பனை உதாரணம் ஒன்று. "முக்கிய ஓட்டைகளில் 87 சதவீதம் 30 நாளில் மூடப்பட்டன" என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இணையத்தை நேரடியாகப் பார்க்கும் 40 சர்வர்களில் ஐந்தில், தாக்குபவர்கள் இப்போது பயன்படுத்தும் ஓட்டை கெடு தாண்டித் திறந்திருக்கிறது. அவற்றில் மூன்று ஆர்டர் அமைப்பைத் தாங்குகின்றன. மூட ஓர் இரவு நிறுத்தம் வேண்டும். தேதி இன்னும் கிடைக்கவில்லை." அந்த அறையிலேயே தேதி கிடைத்துவிடும்.

பணம் கேட்கும்போது மூன்று தேர்வுகள் வையுங்கள்: இப்படியே விடுவது, நடுத்தரம், முழுமை. ஒவ்வொன்றிலும் செலவும், மிஞ்சும் இடரும். முதலாவதையும் நேர்மையாக எழுதுங்கள். அதைப் பூதம் மாதிரி காட்டினால், மற்ற இரண்டின் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, இந்த ஸ்லைடுகளே தாக்குபவருக்கு ஒரு வரைபடம். சர்வர் பெயர், ஐபி முகவரி எதுவும் வேண்டாம். யாருக்குப் போகிறது என்பதையும் கட்டுப்படுத்துங்கள்.

9. கட்டாயம் வரும் கேள்விகள்

"நாம் பாதுகாப்பாக இருக்கிறோமா?" ஆம், இல்லை இரண்டும் வேண்டாம். எந்த இடர் நீங்கள் ஒப்புக்கொண்ட எல்லைக்குள் இருக்கிறது, எது வெளியே என்று சொல்லுங்கள்.

"மற்ற நிறுவனங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன?" ஒரு சதவீதத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் யார் எதைப் பாதுகாப்புச் செலவில் சேர்க்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைச் சொல்லிவிட்டு உங்கள் இடர் வாக்கியங்களுக்குத் திரும்புங்கள்.

"நேற்றுச் செய்தியில் வந்தது நமக்கும் நடக்குமா?" இதற்கு ஒரு பின்னிணைப்பு ஸ்லைடை எப்போதும் தயாராக வைத்திருங்கள். எந்த வழியாக நுழைந்தார்கள், நம்மிடம் அந்த வழி இருக்கிறதா, எப்போது சோதித்தோம்.

தெரியாத கேள்வி வந்தால் "சரிபார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

10. கூட்டம் முடிந்த பிறகு

என்ன முடிவானது என்பதை 24 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புங்கள். "இந்த இடரை ஏற்கிறோம்" என்று முடிவெடுத்திருந்தால், உரிமையாளரின் கையெழுத்தும் காலாவதித் தேதியும் வேண்டும். தேதி இல்லாத ஒப்புதல் என்றென்றும் நீடிக்கும். கையெழுத்திட்டவர் வேலையை விட்டுப் போனாலும்.

அளவீட்டின் வரையறையை ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் ஒரு காலாண்டு எண்ணைக் காட்டி, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, இந்த எண்ணால் இந்த ஆண்டு எந்த முடிவு மாறியது என்று எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அடுத்த ஆண்டு ஸ்லைடிலிருந்து அது போகட்டும்.